வெளிநாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் நம்ம ஊர்ச் சட்டம் மாறிவிடுமா?

மருந்துக்கடை மாரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். விருதுநகர் பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். சட்டம் படித்தவன் இல்லை, கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகிய நாலு நாடுகளோடு இந்தியா போட்ட வர்த்தக, பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 15 வருஷத்தில் 10,000 கோடி டாலர் முதலீடு, பத்து லட்சம் பேருக்கு நேரடி வேலை என்று பேப்பரில் போட்டார்கள். சந்தோஷம். ஆனால் எங்கள் மருந்து வணிகர் வாட்ஸ்அப் குரூப்பில் வேறு ஒன்று சுற்றுகிறது: "இனி கேன்சர் மருந்துக்கு ஜெனரிக் வராது, சுவிஸ் கம்பெனி வைத்ததுதான் விலை." அதாவது அதே மருந்தை வேறு கம்பெனி மலிவாகச் செய்து விற்க முடியாதாம். மருந்துக் கம்பெனி ரெப்பிடம் கேட்டால் சிரிக்கிறார்.

என் சந்தேகம் விலையைவிட அடிப்படையானது. இதற்காக நாடாளுமன்றத்தில் சட்டத் திருத்தம் எதுவும் வந்ததாக நான் படிக்கவில்லை. மந்திரி டெல்லியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால், சட்டப் புத்தகத்தில் இருப்பது மாறிவிடுமா?

கறார் கந்தன் எழுதியது:

மாறாது.

ஒப்பந்தம் போடுவது மத்திய அரசின் நிர்வாக அதிகாரம். அதை நாட்டுக்குள் சட்டமாக்குவது நாடாளுமன்றத்தின் வேலை. அரசமைப்பின் 253ஆவது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. 1969ல் கட்ச் எல்லை தொடர்பான மகன்பாய் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: குடிமகனின் உரிமையையோ நாட்டின் சட்டத்தையோ தொடாத ஒப்பந்தத்துக்குத் தனிச் சட்டம் வேண்டாம், தொட்டால் வேண்டும். பேட்டண்ட் (காப்புரிமை) சட்டத்தில் ஒரு வரிகூட இந்த ஒப்பந்தத்துக்காகத் திருத்தப்படவில்லை. ஆகவே உங்கள் அலமாரியும் மாறாது. குரூப்பில் வருவதையெல்லாம் நம்பிக்கொண்டிருந்தால் தூக்கம்தான் கெடும்.

இழையை மூடிவிடலாம்.

கிண்டிக்காரர் எழுதியது:

மூட வேண்டாம். கிண்டி பேட்டண்ட் ஆபீஸ் வாசலில் ரொம்ப காலமாகக் குப்பை கொட்டுகிறவன் என்ற முறையில் கொஞ்சம் பேச அனுமதியுங்கள்.

கந்தன் சார் சொன்னது பாடப்புத்தகப்படி சரி. ஆனால் மாரி அண்ணன் கேட்டதற்கு அது முழுப் பதில் இல்லை. ஒப்பந்தம் தானாக நம் சட்டத்துக்குள் நுழையாது, வாஸ்தவம். எந்த வழியாக உள்ளே கொண்டுவரப்படுகிறது என்பதுதான் விஷயம். அந்த வழி காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

நம் பேட்டண்ட் சட்டம் 1970ல் வந்தது. அதற்கு அடிப்படை 1959ல் நீதிபதி ராஜகோபால ஐயங்கார் கொடுத்த அறிக்கை. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போனவர். மருந்துக்கும் உணவுப் பொருளுக்கும் செய்முறைக்கு மட்டும்தான் காப்புரிமை, பொருளுக்குக் கிடையாது என்று 1970 சட்டம் வைத்தது. அந்தச் செய்முறை உரிமையும் அதிகம் போனால் ஏழு வருஷம். வேறு செய்முறையில் அதே மருந்தைச் செய்யத் தடை இல்லை. இன்றைக்கு ஹைதராபாத்திலும் அகமதாபாத்திலும் நிற்கிற மருந்துத் தொழிற்சாலைகளுக்கு அஸ்திவாரம் இதுதான்.

1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு வந்தது. கூடவே அறிவுசார் சொத்துரிமைக்கான டிரிப்ஸ் ஒப்பந்தம். பொருளுக்கும் காப்புரிமை கொடுக்க வேண்டும், 20 வருஷம் கொடுக்க வேண்டும். இந்தியாவுக்கு 2005 வரை அவகாசம். ஆனால் அதுவரை வரும் விண்ணப்பங்களை வாங்கி வரிசைப்படி வைத்திருக்க வேண்டும். இதைத்தான் எங்கள் தொழிலில் 'மெயில்பாக்ஸ்' என்போம்.

இங்கேதான் கந்தன் சாரின் பாடப்புத்தகத்துக்குச் சோதனை வந்தது. 1994 கடைசி நாளில் அவசரச் சட்டம் போட்டார்கள், அது காலாவதியானது. 1995ல் கொண்டுவந்த மசோதா மக்களவையைத் தாண்டியது, மாநிலங்களவையில் சிக்கிக்கொண்டது, 1996ல் மக்களவை கலைந்ததும் அதுவும் போச்சு. அப்புறம் அரசு என்ன செய்தது? "பேட்டண்ட் ஆபீஸ்களுக்கு நிர்வாக உத்தரவு கொடுத்துவிட்டோம், விண்ணப்பங்களை வாங்கி வைக்கிறோம், அது போதும்" என்றது. அமெரிக்கா வழக்குப் போட்டது. 1997 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு தீர்ப்புச் சொன்னது: உங்கள் நாட்டுச் சட்டப்படியே, நாடாளுமன்றம் போட்ட சட்டத்துக்கு எதிராக ஒரு நிர்வாக உத்தரவு நிற்காதே, நாளைக்கு யாராவது நீதிமன்றம் போனால் இந்த விண்ணப்பங்கள் எல்லாம் செல்லாமல் போகுமே?

யோசித்துப் பாருங்கள். ஜெனீவாவில் உட்கார்ந்தவர்கள் நம் சட்டத்தையே எடுத்து நமக்கு வாசித்துக் காட்டினார்கள். வேறு வழியில்லாமல் 1999ல் ஒரு திருத்தம், 2002ல் ஒன்று, 2005ல் ஒன்று. கடைசியாக வந்ததில் பொருளுக்கும் காப்புரிமை முழுசாக வந்துவிட்டது.

ஆனால் அந்த 2005 திருத்தம் நாடாளுமன்றம் வழியாக வந்தது. அப்போது மன்மோகன் சிங் அரசு இடதுசாரிகள் ஆதரவில் நின்றது. அவர்கள் முரண்டுபிடித்தார்கள். அப்படி முரண்டுபிடித்துத்தான் பிரிவு 3(டி) இன்றைய வடிவத்துக்கு வந்தது: ஏற்கெனவே தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்கு, பலன் கணிசமாகக் கூடியிருந்தால் ஒழிய, காப்புரிமை இல்லை. டிரிப்ஸ் என்ன கேட்டதோ அதைக் கொடுத்தோம், ஆனால் நம் நிபந்தனையோடு கொடுத்தோம்.

சட்டக்கல்லூரி சுமதி எழுதியது:

சார், 3(டி) பற்றி சுவிஸ் மருந்துக் கம்பெனி நோவார்ட்டிஸ் போட்ட வழக்கு எங்களுக்குப் பாடத்தில் உண்டு. ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பைத்தான் எல்லோரும் நடத்துகிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்ததை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். டிரிப்ஸ் ஒப்பந்தத்துக்கு 3(டி) முரணா இல்லையா என்று உயர் நீதிமன்றம் சொன்னதா, சொல்லவில்லையா?

கிண்டிக்காரர் எழுதியது:

சொல்ல மறுத்தது. அதுதான் சுவாரசியம், சுமதி.

கிளிவெக் என்று ஒரு மருந்து, இமாடினிப். ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு. அதன் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் 1998ல் சென்னை ஆபீசில் விண்ணப்பம் போட்டது. மேலே சொன்ன அந்த மெயில்பாக்ஸுக்குள்தான் அதுவும் போய் உட்கார்ந்தது. 2006 ஜனவரியில் திறந்து பார்த்து நிராகரித்தார்கள். கம்பெனி உயர் நீதிமன்றம் போனது. உத்தரவு தப்பு என்பதோடு நிற்காமல், "3(டி) பிரிவே டிரிப்ஸுக்கு முரண், சமத்துவ உரிமை சொல்லும் அரசமைப்பின் 14ஆவது பிரிவுக்கும் முரண்" என்று ரிட் போட்டது.

நீதிபதிகள் பாலசுப்ரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு 2007 ஆகஸ்ட் 6 அன்று தீர்ப்புக் கொடுத்தது. நாடாளுமன்றம் போட்ட சட்டம் ஒரு சர்வதேச ஒப்பந்தத்துக்குப் பொருந்துகிறதா என்று தீர்மானிக்கிற இடம் இந்த நீதிமன்றம் இல்லை. ஒப்பந்தத்திலேயே தகராறு தீர்க்க ஓர் ஏற்பாடு இருக்கிறது, அங்கே போங்கள் என்றார்கள். அங்கே தனியார் கம்பெனி போக முடியாது, நாடுதான் போக முடியும். சுவிட்சர்லாந்து போகவே இல்லை. இன்றுவரை எந்த நாடும் 3(டி)க்கு எதிராக அங்கே வழக்குப் போட்டதில்லை. 14ஆவது பிரிவு வாதமும் நிற்கவில்லை. 'பலன்' என்றால் நோய் தீர்க்கும் பலன் என்று அந்த அமர்வு விளக்கிய விளக்கத்தைத்தான் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் எடுத்துக்கொண்டது.

கம்பெனி மருந்து அப்போது மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். ஜெனரிக் 8,000, 10,000 என்று கிடைத்தது. மாரி அண்ணனுக்கு இந்தக் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

மருந்துக்கடை மாரி எழுதியது:

தெரியாமல் என்ன. இமாடினிப் 400 வாங்க என்னிடம் ஒரு பெரியவர் வருவார். அட்டையைப் பிரித்து அங்கேயே எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பார். ஜெனரிக் இல்லையென்றால் அவர் கடைப் படியே ஏறியிருக்க மாட்டார்.

கோவை ஆடிட்டர் எழுதியது:

சுவிட்சர்லாந்து என்றதும் நானும் நுழைகிறேன். கந்தனுக்குச் சாதகமான சாட்சி ஒன்று வரிச் சட்டத்தில் இருக்கிறது.

இரட்டை வரிவிதிப்பைத் தவிர்க்க இந்தியா சுவிஸ், பிரான்ஸ், நெதர்லாந்து எல்லாரோடும் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அவற்றின் பின்குறிப்பில் ஓர் உறுதி: வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி.யில் இருக்கிற வேறு ஒரு நாட்டுக்கு இந்தியா குறைந்த வரி கொடுத்தால், அந்தச் சலுகை எங்களுக்கும் உண்டு. லாப ஈவுத்தொகைக்கு சுவிஸ் ஒப்பந்தத்தில் 10 சதவீதம். ஸ்லோவேனியா, லிதுவேனியா, கொலம்பியாவுக்கு 5 சதவீதம். இந்த மூன்றும் பின்னாளில் ஓ.இ.சி.டி.க்குள் வந்தன. அப்படியானால் எங்களுக்கும் 5 என்று நெஸ்லே போன்ற கம்பெனிகள் கேட்டன. டெல்லி உயர் நீதிமன்றம் சரி என்றது.

2023 அக்டோபர் 19 அன்று உச்ச நீதிமன்றம் புரட்டிப் போட்டது. வருமான வரிச் சட்டம் 90ஆவது பிரிவின் கீழ் அரசு கெஜட்டில் அறிவிக்கை போட்டால்தான் அந்தச் சலுகை உயிர் பெறும், ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதால் மட்டும் அமலாகிவிடாது. அதோடு, அந்த மூன்றாவது நாடு ஒப்பந்தம் போட்ட அன்றைக்கே ஓ.இ.சி.டி. உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்றும் சொன்னது.

கறார் கந்தன் எழுதியது:

இதைத்தானே முதலிலேயே சொன்னேன். உள்நாட்டு அறிவிக்கை இல்லாமல் ஒப்பந்தம் வெறும் காகிதம். நன்றி ஆடிட்டர் சார்.

கோவை ஆடிட்டர் எழுதியது:

அவசரப்படாதீர்கள், பாக்கி இருக்கிறது.

2024 டிசம்பரில் சுவிஸ் அரசு அறிக்கை விட்டது: உங்கள் நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டதால் எங்கள் பக்கத்திலும் அந்தச் சலுகையை 2025 ஜனவரி 1 முதல் நிறுத்துகிறோம். சுவிஸில் முதலீடு செய்திருக்கிற இந்தியக் கம்பெனிக்கு அங்கே 5க்குப் பதில் 10 சதவீதப் பிடித்தம். நம் நீதிமன்றம் நம் சட்டத்துக்குச் சொன்ன விளக்கத்துக்கு, நம் ஆள் வெளியூரில் பணம் கட்டுகிறான்.

இது சின்னது. பெரியது வோடஃபோன். ஹட்ச் பங்குகளை 2007ல் வெளிநாட்டிலேயே கைமாற்றிக்கொண்டார்கள், இந்தியாவில் வரி கட்டு என்றது துறை. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வரி இல்லை என்றது. சில மாதத்திலேயே பட்ஜெட்டோடு சேர்த்துச் சட்டத்தை முன்தேதியிட்டு, அதாவது பழைய வியாபாரத்துக்கும் பொருந்தும்படி, திருத்தினார்கள். நாடாளுமன்றமே போட்ட சட்டம். கந்தன் கணக்குப்படி அதற்கு மேல் பேச்சில்லை அல்லவா? வோடஃபோன் நெதர்லாந்து முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு நடுவர் தீர்ப்பாயம் போனது, 2020 செப்டம்பரில் ஜெயித்தது. அதே வருஷம் டிசம்பரில், அதே மாதிரி வரிக்காக, பிரிட்டன் எண்ணெய்க் கம்பெனி கெய்ர்னும் பிரிட்டன் ஒப்பந்தத்தின் கீழ் சுமார் 120 கோடி டாலர் ஜெயித்தது. இந்தியா கொடுக்கவில்லை. கெய்ர்ன் பாரிஸில் இந்திய அரசின் கட்டடங்களை முடக்க பிரெஞ்சு நீதிமன்ற உத்தரவு வாங்கியது, 2021 ஜூலையில் செய்தி வந்தது. ஆகஸ்டில் அந்த முன்தேதி வரியை நீக்கும் மசோதா வந்து நிறைவேறியது. சுமார் 7,900 கோடி ரூபாய் கெய்ர்னுக்குத் திரும்பப் போனது.

இந்திய நீதிமன்றம் எதுவும் அந்த வரியைச் செல்லாது என்று சொல்லவில்லை. சட்டப்படி ஒப்பந்தம் நாடாளுமன்றத்துக்கு மேல் இல்லை. நடந்தது வேறு.

நடுவில் 2011ல் ஓர் ஆஸ்திரேலிய நிலக்கரி இயந்திரக் கம்பெனி வழக்கும் உண்டு, ஒயிட் இண்டஸ்ட்ரீஸ். நம் நீதிமன்றங்கள் வருஷக்கணக்கில் இழுத்தடித்ததே ஒப்பந்த மீறல் என்று தீர்ப்பு வந்தது. அதற்கு அப்புறம்தான் டெல்லி விழித்துக்கொண்டு பழைய முதலீட்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றுக்கு முடிவு கட்டி, புது மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தயாரித்தது. அதைப் பற்றித் தனி இழையே போடலாம்.

நெல்லியடியான் எழுதியது:

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். நீங்கள் கதைக்கிறதைப் பார்க்க எங்கட நாட்டுக் கதையும் சொல்லத் தோணுது.

இங்க சிங்கராசா வழக்கு எண்டு ஒண்டு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ, குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை மட்டும் வைச்சுத் தண்டிக்கப்பட்ட ஒரு தமிழ் ஆள். குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயத்தைக் கண்காணிக்கிற ஐ.நா. மனித உரிமைக் குழு 2004ல அவருக்குச் சார்பாக முடிவு சொன்னது. அதைக் கொண்டு உயர் நீதிமன்றம் (உங்கட உச்ச நீதிமன்றம் மாதிரி) போனால், 2006ல தலைமை நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு, 1997ல அந்தக் குழுவிட்டத் தனி ஆக்கள் முறையிட வழிவிடுற நெறிமுறையில ஜனாதிபதி சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் எண்டு சொல்லிப்போட்டுது. கந்தன் அண்ணைக்கு விருப்பமான தீர்ப்பு. ஒப்பந்தம் வெளியில, சட்டம் உள்ள.

அடுத்த வருசமே, 2007ல, 56ஆம் இலக்கச் சட்டமாக அந்தக் குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயத்துக்கு ஒரு உள்நாட்டுச் சட்டம் வந்தது. மனித உரிமையில திடீர் அக்கறை எண்டு நினைக்காதேங்கோ. ஐரோப்பிய ஒன்றியத்தின்ர ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை கைநழுவப் பார்த்தது. அதுக்கு 27 சர்வதேச சமவாயங்களை நடைமுறைப்படுத்த வேணும். ஆடை ஏற்றுமதிக்கு அதுதான் உயிர். சட்டம் போட்டும் 2010 ஓகஸ்ட்டில சலுகை போனது, 2017 மே மாதம்தான் திரும்பக் கிடைச்சது.

பகிடி என்னெண்டால், அந்த உரிமைச் சட்டத்தின்ர 3ஆம் பிரிவு வெறுப்புப் பேச்சைத் தடுக்க வைச்சது. 2019ல அதை வைச்சு ஒரு சிங்களச் சிறுகதை எழுத்தாளரைப் பிடிச்சு மாதக்கணக்கில உள்ள போட்டவை. வெளியில காட்டுறதுக்காக அவசரத்தில எழுதின சட்டம் உள்ளுக்குள்ள என்ன செய்யும் எண்டதுக்கு இது போதும்.

சட்டக்கல்லூரி சுமதி எழுதியது:

நன்றி ஐயா, இது எங்களுக்கு நடத்தவே இல்லை. இந்தியாவில் இதற்கு நேர் எதிர் உதாரணம் விசாகா வழக்கு (1997) என்று நினைக்கிறேன். பணியிடப் பாலியல் தொந்தரவுக்குச் சட்டமே இல்லாத நேரத்தில், பெண்களுக்கு எதிரான பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையை வைத்து உச்ச நீதிமன்றமே நெறிமுறை போட்டது. நாடாளுமன்றம் சட்டம் போட்டது 2013ல்தான். நீதிமன்றம் நினைத்தால் நாடாளுமன்றத்துக்குக் காத்திருக்காமலும் ஒப்பந்தத்தை உள்ளே கொண்டுவரலாம் போல.

கறார் கந்தன் எழுதியது:

சட்டம் இல்லாத வெற்றிடத்தில் மட்டும், அதுவும் அடிப்படை உரிமையைத் துணைக்கு வைத்துக்கொண்டு. இருக்கிற சட்டத்தோடு ஒப்பந்தம் மோதினால் சட்டம்தான் ஜெயிக்கும். கிராமபோன் கம்பெனி வழக்கு, 1984.

மருந்துக்கடை மாரி எழுதியது:

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் கேட்ட ஒப்பந்தத்தை விட்டு ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறோம். 2005ல் முரண்டுபிடித்தார்கள், சரி. இப்போது?

கிண்டிக்காரர் எழுதியது:

வருகிறேன் அண்ணே. இதைச் சொல்லத்தான் முதல் பதிவையே ஆரம்பித்தேன்.

ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 மார்ச் 10. ஐந்து நாள் கழித்து, மார்ச் 15 அன்று, காப்புரிமைத் திருத்த விதிகள் 2024 கெஜட்டில் வந்தது. சட்டத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. விதிகள் மாறின. அதில் இரண்டு விஷயம் உங்கள் அலமாரிக்கு வரும்.

முதலாவது, படிவம் 27. காப்புரிமை வாங்கிய கம்பெனி அந்த மருந்தை இந்தியாவில் நிஜமாகவே விற்கிறதா, செய்கிறதா, இல்லை சும்மா பூட்டி வைத்திருக்கிறதா என்று ஆபீசுக்குத் தெரிவிக்கிற தாள். சட்டத்தின் 146ஆவது பிரிவு கேட்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டியதாக இருந்தது. இப்போது மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை.

ஒரு தாளில் என்ன இருக்கிறது என்பீர்கள். 2012 மார்ச் 9 அன்று இந்தியாவின் முதல் கட்டாய உரிமத்தை, அதாவது காப்புரிமைக்காரர் சம்மதம் இல்லாமலே அந்த மருந்தைச் செய்ய அனுமதியை, ஹைதராபாத் நாட்கோ கம்பெனிக்குக் கொடுத்தார்கள். பேயர் கம்பெனியின் நெக்ஸவார் என்ற புற்றுநோய் மருந்துக்கு. ஒரு மாதத்துக்கான 120 மாத்திரை 2,80,428 ரூபாய். நோயாளிகள் ஆயிரக்கணக்கில் இருக்க, 2009ல் நாட்டுக்குள் வந்தது சுமார் 200 பாட்டில். இந்த வண்டவாளம் வெளியே வந்ததில் கம்பெனியே கொடுத்த படிவம் 27க்குப் பெரிய பங்கு உண்டு. நாட்கோ அதே மருந்தை 8,880 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று உத்தரவில் இருந்தது. அந்தத் தாள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும் என்றால், கட்டாய உரிமம் கேட்கிறவன் கையில் பழைய கணக்குதான் இருக்கும்.

இரண்டாவது, ப்ரீ கிராண்ட் ஆப்போசிஷன். காப்புரிமை கொடுக்கும் முன்பே யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். கிளிவெக்கில் புற்றுநோயாளிகள் சங்கம் ஒன்று அப்படித்தான் நுழைந்தது. காசநோய் மருந்து பெடாகுவிலின் விஷயத்தில், அந்த நோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள் போட்ட ஆட்சேபணையில் 2023 மார்ச்சில் ஒரு நீட்டிப்பு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. முன்பு இதற்குக் கட்டணம் கிடையாது. இப்போது கட்டணம் உண்டு, ஆட்சேபணை விசாரணைக்கு உகந்ததா என்று பேட்டண்ட் ஆபீஸ் கன்ட்ரோலர் முதலில் பார்த்துத் தள்ளிவிடவும் வழி வைத்திருக்கிறார்கள்.

வாட்ஸ்அப் செய்தி பொய். 3(டி) அப்படியே இருக்கிறது, கட்டாய உரிமமும் இருக்கிறது. ஆனால் அவற்றைப் பயன்படுத்துகிறவனுக்கு வேண்டிய தாளும் வாசலும் சுருங்கியிருக்கின்றன. 2005ல் நாடாளுமன்றத்தில் பேரம் பேசினோம். இந்தமுறை வேலை பின்வாசல் வழியாக, ஒரு கெஜட்டில் முடிந்துவிட்டது.

கறார் கந்தன் எழுதியது:

தேதியை மட்டும் வைத்துக் கதை கட்டாதீர்கள். அந்த விதிகளின் வரைவு 2023 ஆகஸ்டிலேயே வெளிவந்துவிட்டது. ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு ஆறு மாதத்துக்கு மேல் முன்னால். வருஷா வருஷம் படிவம் 27 நிரப்புவது வீண் வேலை என்று உள்ளூர்க் கம்பெனிகளும் புலம்பிக்கொண்டுதான் இருந்தன. உங்களைப் போன்ற ஏஜெண்டுகளும் சேர்த்துத்தான். ஒப்பந்தம்தான் காரணம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

கிண்டிக்காரர் எழுதியது:

ஏஜெண்டுகள் புலம்பியது உண்மை, நானும் புலம்பியிருக்கிறேன். ஒரே மாதத்தில் பத்து கிளையண்டுக்கு அந்தத் தாளை நிரப்பிப் பாருங்கள், தெரியும்.

வரைவு முன்னாலேயே வந்ததும் உண்மை. ஆனால் அந்த நாலு நாடுகளோடு பேச்சுவார்த்தை 2008லேயே தொடங்கியது. கையெழுத்துப் போட்ட நாளில்தான் ஒருவர் கேட்டது இன்னொருவருக்குத் தெரியும் என்று நினைக்க முடியாது. நாளைக்குக் கையெழுத்தாகப் போகிறதை இன்றைக்கே விதியில் எழுதிவிட்டால், "ஒப்பந்தத்துக்காக எந்தச் சட்டத்தையும் மாற்றவில்லை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம்.

சரி, காரணத்தை விடுங்கள். விளைவைப் பார்ப்போம். 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் அறிவுசார் சொத்துரிமை அத்தியாயத்தில், இப்படித் தகவல் கேட்பதாக இருந்தால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறைக்கு மேல் கேட்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. விமர்சனம் வந்தபோது, "இது ஏற்கெனவே நம் விதியில் இருப்பதுதானே" என்று பதில் வந்தது.

எனக்கு உறுத்துவது இங்கேதான். 2024 மார்ச்சில் அது வெறும் விதி. அடுத்து வருகிற அரசு இன்னொரு கெஜட் போட்டு, பழையபடி வருஷத்துக்கு ஒருமுறை என்று மாற்றியிருக்கலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் ஏறிய பிறகு அப்படி மாற்ற முடியாது. மாற்றினால் லண்டனுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் நம் விதியை மாற்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நாம் மாற்றிய விதியைத் திரும்ப மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டது.

கோவை ஆடிட்டர் எழுதியது:

இது வரிப் பக்கத்திலும் பார்த்த கதைதான். விகிதத்தைக் குறைப்பது பட்ஜெட்டில் ஒரு வரி. ஒப்பந்தத்தில் எழுதியதை ஏற்றுவதற்கு பத்து வருஷம் பேச வேண்டும். மொரீஷியஸ் ஒப்பந்தம் 1980களில் போட்டது, அதைத் திருத்த 2016 ஆனது.

தஞ்சை உழவன் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். மருந்துக்கு இப்படி என்றால் விதைக்கு? நெல் விதையை அக்கம்பக்கத்தில் கைமாற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். அதற்கும் ஏதாவது ஒப்பந்தம் வந்து நிற்குமா? விவசாயம் மாநிலப் பட்டியல் என்றுதானே சொல்வார்கள்?

சட்டக்கல்லூரி சுமதி எழுதியது:

மாநிலப் பட்டியல் காப்பாற்றாது அண்ணா. ஒப்பந்தத்தை அமல்படுத்துவதற்கு என்றால் நாடாளுமன்றம் எந்தப் பட்டியலில் உள்ளதற்கும் சட்டம் போடலாம், 253 அதைத்தான் சொல்கிறது.

ஆனால் விதை விஷயத்தில் இப்போதைக்கு நிலைமை நமக்குச் சாதகம். டிரிப்ஸ் பயிர் ரகங்களுக்கு ஏதாவது ஒரு பாதுகாப்பு வேண்டும் என்றது, எப்படி என்று கட்டாயப்படுத்தவில்லை. அந்த இடைவெளியில் 2001ல் நாம் நம் பாணியில் ஒரு சட்டம் போட்டோம். அதன் 39ஆவது பிரிவுப்படி, பதிவான ரகமாகவே இருந்தாலும், நீங்கள் விளைவித்த விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். கம்பெனி பெயர் போட்ட பாக்கெட்டில் அடைத்து விற்கக் கூடாது, அவ்வளவுதான். 2019ல் பெப்சிகோ குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் மேல், சிலரிடம் ஒரு கோடிக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டுவிட்டு, எதிர்ப்பு வந்ததும் அடுத்த மாதமே வாபஸ் வாங்கியது. விவசாயிகள் தரப்பு தூக்கிக் காட்டியது இந்தப் பிரிவைத்தான்.

கவலைப்பட வேண்டியது யுபோவ் என்ற சர்வதேச பயிர் ரக ஒப்பந்தத்தைப் பற்றி. அதன் 1991 வடிவம் விதைக் கம்பெனிக்கு இன்னும் அதிக உரிமை கொடுக்கும். இந்தியா அதில் சேரவில்லை. ஏதாவது ஒரு வர்த்தக ஒப்பந்தத்தில் "சேர்வோம்" என்று ஒரு வரி வந்தால் அன்றைக்கு ஓடி வாருங்கள், நானும் வருகிறேன்.

மருந்துக்கடை மாரி எழுதியது:

குரூப்பில் போட்ட செய்தி தப்பு என்று இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். கிண்டி சார், கடைசியாக ஒன்று. விதி மாறும்போது எங்களைப் போன்றவர்கள் ஏதாவது செய்ய முடியுமா, இல்லை கெஜட்டில் வந்த பிறகு பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதுதானா?

கிண்டிக்காரர் எழுதியது:

செய்யலாம். பேட்டண்ட் சட்டம் 159ஆவது பிரிவுப்படி விதியை முதலில் வரைவாக வெளியிட்டுத்தான் இறுதி செய்ய வேண்டும். தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை இணையதளத்தில் போடுவார்கள். ஆட்சேபணை அனுப்ப நாள் குறித்திருப்பார்கள். மருந்து வணிகர் சங்கத்தின் லெட்டர்பேடில் ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் போதும், வக்கீல் தேவையில்லை. எந்த மருந்து, என்ன விலை வித்தியாசம், வாங்குகிறவர்கள் யார் என்பதைக் கடைக்காரராக எழுதுங்கள். அந்தக் கணக்கு டெல்லியில் எவரிடமும் இருக்காது. ஒரு எச்சரிக்கை: 2005ல் அதே பிரிவில், நடைமுறையில் முடியாத சூழ்நிலை என்று அரசு கருதினால் வரைவு இல்லாமலே போடலாம் என்று ஒரு விலக்கும் சேர்த்திருக்கிறார்கள்.

போட்ட பிறகும் 160ஆவது பிரிவு இருக்கிறது. விதியை இரு அவைகளிலும் 30 நாள் வைக்க வேண்டும். இரு அவைகளும் சேர்ந்து திருத்தச் சொன்னால் திருத்தியாக வேண்டும். உங்கள் எம்.பி.யைப் பார்க்கப் போனால் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

கறார் கந்தன் எழுதியது:

160ஐ நானும் மறுக்கவில்லை. ஆனால் அதைப் பயன்படுத்தி நாடாளுமன்றம் திருத்திய பேட்டண்ட் விதி ஒன்றையாவது காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

கிண்டிக்காரர் எழுதியது:

அதைத்தான் சார் நானும் இத்தனை நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.